ஜன்னலோரம்

யாரும் பெயர் கேட்டிராத அந்த மலைக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, அந்த மலையின் தேயிலையில் பால் விடாத டீ போட்டுக் கொடுத்தாள் கஸ்தூரி. டீ ஃபேக்டரியில் ருசி பார்ப்பது அவள் வேலை.

“நீயும் குடிம்மா,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வேலை ஞாபகத்தில் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டாள்.

“என்னம்மா, எங்க முன்னாடியே துப்புற?”

“ஃபேக்டரியில எந்த டீயையும் முழுங்க மாட்டோம்ங்க. அதே பழக்கத்துல…”

மாப்பிள்ளை தவமணி எழுந்தான். அவளைப் போலவே சத்தமாக உறிஞ்சினான். உப்பிய கன்னங்களோடு ஜன்னலோரம் வந்து நின்று, இனி என்ன செய்வது என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

கஸ்தூரி இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக விழுங்கிக் காட்டினாள்.