வந்துட்டேன்

பாட்டு டீச்சர் வருகைப் பதிவைப் படிப்பதில்லை, பாடுவார்.

ஒவ்வொரு பேரையும் ரெண்டே சுரத்தில் இழுத்துக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை அதே ரெண்டு சுரத்தில் "வந்துட்டேன்" என்று பாட வேண்டும்.

பள்ளி திறந்த முதல் நாள் என்பதால் அம்மாக்களுக்கும் இடம் உண்டு. சுவரோரமாக, முழங்கால் தாடையில் இடிக்கிற குட்டி நாற்காலிகள்.

முதல் பையன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான். அடுத்தவள் பாடிவிட்டு, சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். அறையே சிரித்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதில் பாடாத பிள்ளையை அடுத்த வருஷம் வரச் சொல்லிவிடுவார்களாம். வாசலில் இன்னொரு அம்மா சொல்லியிருந்தாள்.

அவள் மகள் வரிசையில் நாலாவது.

சின்ன வயதில் அவள் படித்த பள்ளியிலும் இப்படி ஒரு அறை இருந்தது. தூசி மணக்கும் ஆர்மோனியம். அதில் ஒரு கட்டை மட்டும் ஊமை. அந்த இடம் வரும்போது வாத்தியார் அவளைப் பார்த்துத் தலையசைப்பார்; விட்டுப்போன சுரத்தை அவள் பாடி நிரப்புவாள்.

பட்டப்பேர் ஆலைச்சங்கு. "சங்கு ஊதிருச்சு, எல்லாரும் வேலைக்குக் கிளம்புங்க" என்று அண்ணன் தெருமுனையிலிருந்தே கிண்டலடிப்பான். அப்பா மட்டும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். அவரே ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

டீச்சர் மகளின் பேரைப் பாடினார்.

மகள் நிமிர்ந்தாள். வாய் திறந்தது. சத்தம் இல்லை.

டீச்சர் இன்னொரு தரம் கூப்பிட்டார். மறுபடியும் வெறும் உதடுதான்.

அவள் உற்றுப் பார்த்தாள். நீள வேண்டிய இடத்தில் உதடு நீண்டது, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முழுசாகப் பாடி முடித்த நிறைவோடு குழந்தை கையைக் கட்டிக்கொண்டது.

"வெக்கப்படுறா போல, பரவால்ல" என்று டீச்சர் பென்சிலை எடுத்தார்.

குட்டி நாற்காலியிலிருந்து அவள் எழுந்துவிட்டாள். மூணு வருஷமாகத் திறக்காத தொண்டை. அதே ரெண்டு சுரம்.

"வந்துட்டேன்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

மகள் பதறி ஓடிவந்தாள். நாற்காலியில் ஏறி, ரெண்டு உள்ளங்கையாலும் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"அய்யோ, சத்தம் போடாதம்மா! கீழ்வீட்டு மாமா கட்டையால தட்டுவாரு! தூங்குறப்ப எனக்குப் பாடுவல்ல, வெறும் உதட்டால, அப்படிப் பாடு!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கூட நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

டீச்சர் குனிந்து, அந்தப் பேருக்கு நேரே ஒரு டிக் போட்டார்.