பக்கத்துக்குப் பக்கம் பிழை

“இதுக்கா வெயில்ல படகேறி வந்தேன்?” அத்மான் உதட்டைப் பிதுக்கினார்.

எதிரே சௌதா சுவரோரமாக நின்றாள். நடுவில், மரத் தாங்கியில் விரிந்திருந்தது அவளுடைய கொள்ளுத்தாத்தா கையாலேயே எழுதிய குர்ஆன். கறுப்பும் சிவப்புமாக எழுத்து, ஓரமெல்லாம் கொடியும் பூவும். கென்யக் கரையோரப் பாதே தீவில் அந்தக் குடும்பம் சொத்து என்று சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

“மொம்பாசாவுல உங்ககிட்ட பழைய கையெழுத்துப் புத்தகம் அலமாரி அலமாரியா இருக்காமே ப்வானா. எங்க கூரை ஒழுகுது. மழைக்கு முன்னாடி உங்ககிட்ட கொடுத்துட்டா பத்திரமா இருக்கும்னு...” ஐயா என்பதற்கு அங்கே ப்வானா.

“இருக்கு. ஆப்பிரிக்கா கரை முழுக்க அலைஞ்சு சேத்தது. அதெல்லாம் எழுதத் தெரிஞ்சவங்க எழுதினது.”

சௌதாவுக்குச் சுருக்கென்றது. “எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊருக்கே ஓதிக் கொடுத்தவரு.”

“ஓதிக் கொடுத்தாரோ, ஊதிக் கொடுத்தாரோ. இங்க எழுத்து விட்டுப்போச்சு. இந்தப் பக்கத்துல ஒரு வரியையே காணோம். பூ போடுறதுல இருந்த அக்கறை வேதத்துல இல்லை மனுஷனுக்கு.”

“பக்கத்துக்குப் பக்கமா பிழை?”

“பக்கத்துக்குப் பக்கம்.”

“நிச்சயமா?”

“மதரஸாவுல ஓதினவன்மா நான். இமாம்கிட்ட எல்லாம் கொண்டுபோய்க் காட்டிடாதீங்க, உங்க குடும்பத்துக்குத்தான் அவமானம். பூவுக்காக வேணா ஏதோ கொஞ்சம் தர்றேன். யோசிச்சு வைங்க, திங்கக்கிழமை வர்றேன்.”

சௌதா புத்தகத்தை முத்தமிட்டு மூடினாள். எப்போதும் வைக்கும் பெட்டியில் வைக்காமல், புது வெள்ளைத் துணியில் சுற்றினாள். இப்பவே பொட்டலம் கட்டுகிறாளே என்று அத்மானுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

சந்து திரும்பியதும் போனை எடுத்தார். மறுமுனையில் கூட்டாளி மஸூத்.

“கிடைச்சிருச்சுடா. ஒரு புள்ளி பிசகல. இந்தக் கரையிலேயே இதுக்கு ஜோடி கிடையாது.”

“வாங்கிட்டியா?”

“அவசரப்படாத. முழுக்கப் பிழைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாலு நாள் வேகட்டும். திங்கக்கிழமை சோறும் போட்டு, புத்தகத்தையும் கையில கொடுப்பா பாரு.”

“வேதத்தையேவாடா பிழைன்ன? நாக்கு அழுகிடும்.”

“விலை இறங்கிடுச்சுன்னா நாக்கைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். நீ கண்ணாடிப் பேழைக்குச் சொல்லி வை. பத்து வருஷமாத் தேடினது. நம்ம வீட்டு வாசல்ல இனிமே வரிசை நிக்கும்.”

திங்கட்கிழமை அத்மான் தண்ணீர் புகாத பெட்டியோடு வந்து இறங்கினார். சௌதா உண்மையிலேயே தேங்காய்ச் சோறும் மீனும் சமைத்து வைத்திருந்தாள். முகத்தில் போனமுறை இருந்த வாட்டமே இல்லை. அத்மானுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

“முதல்ல சாப்பிடுங்க ப்வானா. நீங்க வந்து கண்ணைத் தொறக்கலேன்னா எங்க கதி என்ன? வெள்ளிக்கிழமை உங்களுக்குன்னு தனியா துவா கேட்டேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?” அத்மான் பெட்டியைத் திறந்து, உள்ளே விரித்திருந்த பட்டுத் துணியைத் தடவிச் சரிசெய்தார். “கொண்டாங்க, கெட்டுப்போனதை நானே எடுத்துட்டுப் போயிடறேன்.”

சௌதா அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“பிழையான வேதத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புறதா? ஓதக் கூடாத வேதத்துக்கு உள்ள முறைப்படி, கல்லைக் கட்டி நடுக்கடல்ல இறக்கிட்டேன் ப்வானா.”