விதையில் இருந்தது

"இலையில வைரஸ் இருக்குன்னு போன வாரமே சொன்னேனே! மண்ணுக்குப் போர்வையா போட்ட பயறுதானே, உழுதுவிட்டுட்டுப் போங்க," என்றாள் ஆய்வக விஞ்ஞானி சலிப்போடு.

வந்தவர் நகரவில்லை. "அது பூச்சியால வந்துச்சா, விதையிலயே இருந்துச்சான்னு தெரியணும் மேடம். விதைச்சதுல மீந்த இந்த விதையை அரைச்சுப் பாருங்க."

மாலையில் முடிவு வந்தது.

"விதையிலதான் இருக்கு. வித்தவரைச் சும்மா விடாதீங்க, சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க!"

"வித்தவனே நான்தான் மேடம். இன்னும் முப்பது பேர் வாங்கி வச்சிருக்காங்க, நாளைக்கு விதைப்பு. வேண்டாம்னு வாயால சொன்னா யாரும் நம்பல. எழுதிக் குடுங்க."

அவள் முடிவை இரண்டு தாளில் எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வண்டிச் சாவியை எடுத்தாள்.

"கிளம்புங்க. ஆளுக்குப் பதினைஞ்சு வீடு."