டேனியின் கழுதை

"டேனியோட கழுதைதான். வேற எது தின்னும்?" என்றார் லோரன்ஸ், கொல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். மேஜை முழுக்கக் காகிதம். காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"நான் முக்காலி போட்டு ஏறி எலுமிச்சை பறிக்கிற கிளைங்க அது. பத்து நாளா மொட்டையாகிட்டே வருது," என்றாள் அவர் மனைவி ஹெஸ்டர். "டேனி பக்கத்து வேலியும் அறுபடல. கழுதை என்ன பறந்தா வந்துச்சு?"

"பின்னங்கால்ல நின்னு தின்னும். நீ பார்த்ததில்லையா? டேனிகிட்ட அப்புறம் பேசிக்கிறேன். இப்ப ஆள விடு."

விடத்தான் வேண்டும். மனிதர் மூன்று வருடமாக ஒரே ஒரு மானுக்காகக் காத்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், நமீபியாவில், ஹெஸ்டரின் தம்பி ஆல்வினின் பண்ணையில் திரியும் கிழட்டு முறுக்குக்கொம்பன். இடது கொம்பில் நுனி உடைந்திருக்கும். "இது அத்தானுக்கு" என்று சொல்லி, வேட்டைக்கு வருகிற மற்றவர்களை ஆல்வின் அதன் பக்கமே விடுவதில்லை.

இந்த வருடத்தை விட்டால் இல்லை. ஆகஸ்டில் வலது கண்ணில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அந்தக் கண்ணால் குறி பார்ப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து வேட்டைக் காலமோ ஜூலையோடு முடிகிறது. இன்று ஜூலை பதினைந்து.

கொல்லையில் நின்றால் ஆல்வின் வீட்டுக் காற்றாலை தெரியும். நடுவில் ஒரு கம்பி வேலி, அதுதான் நாட்டு எல்லை. தாண்டி நடந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் துப்பாக்கியோடு போகிறவர் தெற்கே இறங்கி, எல்லைச் சாவடியில் முத்திரை வாங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். சரி, அதைக்கூடப் போய்விடலாம். அந்த முத்திரைக்குக் கேட்கிற காகிதம் இருக்கிறதே, அதுதான் மனிதனைப் பாடாய்ப் படுத்துகிறது.

முதல் தடவை, நீல மையில் எழுதியது செல்லாது என்று நகரத்துக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, வண்டி மகன் பெயரில் இருக்கிறது, அவனிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். மகன் இருப்பது கேப் டவுனில். கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. இதைப் போன தடவையே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மூன்றாம் தடவையாகக் கிளம்பினார்.

"துப்பாக்கியையும் எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா அதுக்கு ஒரு நடை அலைய விடுவாங்க," என்றாள் ஹெஸ்டர்.

எடுத்துக்கொண்டுதான் போனார். கவுண்டரில் இருந்த பெண் தோட்டாக்களை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். பிறகு துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஐயா, கடைசியில இருக்கிறது மூணா எட்டா?"

"மூணு. முப்பது வருஷமா மூணுதாம்மா."

"தேஞ்சிருக்கே. உரிமத்துல மூணுன்னு இருக்கு, எனக்கு எட்டு மாதிரி தெரியுது. இங்க விட்டுட்டுப் போங்க. இதப் பார்க்கிறவர் வரணும்."

"எப்ப வருவார்?"

"வியாழக்கிழமை. வரலன்னா அதுக்கடுத்த வியாழன்."

லோரன்ஸ் கத்தவில்லை. கத்தினால் புதிதாக ஒரு படிவத்தை நீட்டுவார்கள் என்பது இதற்குள் பழகிப்போயிருந்தது. வீட்டிலிருந்த ஒரே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆல்வினுக்குப் போன் போட்டார்.

"மச்சான், இன்னும் பத்து நாள் அவனப் பத்திரமா பார்த்துக்க. தலைய அடமானம் வெச்சாவது வந்துருவேன்."



"அத்தான், சொல்லாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். அவன் தண்ணிக்கு வந்து பத்து நாளாச்சு. தொட்டிப் பக்கம் குளம்படியே காணோம். சிறுத்தை கிறுத்தை அடிச்சிருச்சோ என்னமோ."

லோரன்ஸ் போனை வைத்தார். மேஜையில் கிடந்த காகிதங்களை ஒரே வாரலாக வாரித் தரையில் தள்ளிவிட்டு, நாற்காலியில் சரிந்தார்.

"மூணு வருஷம், ஹெஸ்டர். கடைசியில நான் வேட்டையாடினது காகிதத்தத்தான்."

அடுக்களை ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹெஸ்டரின் கை அப்படியே நின்றது.

"ஏங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்க கழுதை வந்திருக்கு. சத்தம் போடாம வாங்க."

"இருக்கிற எரிச்சல்ல கழுதை ஒண்ணுதான் குறைச்சல். கல்லெடுத்து அடி."

"அடிச்சிரலாம். ஆனா இதுக்கு இடது கொம்புல நுனி இல்லையே."