பிறந்த வருஷம்

ராக்குவின் உள்ளங்கைகளில் மருதாணி சிவந்திருந்தது. தலை நிறைய மல்லிகை. மடிப்புக் கலையாத பாவாடை தாவணி. கம்ப்யூட்டர் வகுப்புக்கு யாரும் இப்படி வருவதில்லை.

கமுதிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். 2008 கோடை விடுமுறையில், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க இராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தாள் சேதுலட்சுமி. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ராக்குவுக்குப் பக்கத்து நாற்காலி இன்று காலியாகக் கிடந்தது.

"உன் அத்தை மக எங்க? இராமலட்சுமி?"

"வரல டீச்சர்."

ராக்குவின் பார்வை திரையிலேயே இருந்தது.

பிள்ளைகள் தாங்களாகவே எழுதிய முதல் புரோகிராமை நேற்றுதான் ஓட்டிப் பார்த்தார்கள். பிறந்த வருஷத்தைக் கொடுத்தால் அது வயதைச் சொல்லும். பதினெட்டுக்குக் கீழே என்றால் 'ஓட்டுப் போட முடியாது' என்று ஒரு வரி வரும். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள்.

ஒருத்தி தன் ஆட்டுக்குட்டி பிறந்த வருஷத்தைக் கொடுத்தாள்.

"ஏண்டி, எங்க ஆட்டுக்கு ஓட்டு இல்லையாம்!"

"உங்க அண்ணனுக்கே இருக்கு. பாவம், ஆடு என்ன செஞ்சுச்சு?"

வகுப்பே சிரித்தது. ராக்குவும் சிரித்துக்கொண்டுதான் தன் வருஷத்தைப் போட்டாள். வயது பதிமூன்று என்று வந்தது. அதன் பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரு வருஷத்தப் போட்டாலும் சொல்லுமா டீச்சர்?"

"சொல்லும். அது யாருன்னு மட்டும் அதுக்குத் தெரியாது."

இன்று ராக்கு அந்தக் கடைசி வரியை மாற்றியிருந்தாள். சேதுலட்சுமி பின்னால் நின்று பார்த்தாள்.

1993. வயது 15. கல்யாணம் கூடாது.

ராக்கு அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள். 1993. வயது 15. கல்யாணம் கூடாது.

சேதுலட்சுமியின் பார்வை அவள் கைக்கு இறங்கியது. மருதாணி, மல்லிகை, புதுத் தாவணி. இரண்டு வயதைக் கூட்டிப் போட்டும் இந்தக் குழந்தை பதினெட்டைத் தொடவில்லை.

"ராக்கு, இன்னைக்குக் கல்யாணமா?"

ராக்கு தலையாட்டினாள். கண் நிரம்பிவிட்டது. "யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அய்யா சொல்லிருக்காரு. டீச்சர், அது வந்து..."

வாசலில் மொபெட் வந்து நின்றது. ராக்கு அய்யா என்று கூப்பிடும் அவள் அப்பா வேல்சாமி இறங்கினார். கரை போட்ட பட்டு வேட்டி, மழித்த முகம், மை தீட்டிய மீசை.

"ஏ புள்ள, இன்னைக்குமா இங்கன வந்து உக்காருவ? எந்திரி. டீச்சர், அனுப்பி வைங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

தாயில்லாப் பிள்ளை. கேட்க நாதியில்லை என்று நினைத்துவிட்டார். சேதுலட்சுமி வாசலை மறித்து நின்றாள்.

"ராக்குவ அனுப்ப மாட்டேண்ணே."

"என்ன டீச்சர் இது? சொந்தபந்தம் பூராம் கோயில்ல காத்துக் கெடக்கு."

"எதுக்குன்னு எனக்கும் தெரியும். வயசு என்னன்னும் தெரியும். போலீசுக்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

வேல்சாமியின் முகம் வெளிறியது. மகளை முறைத்தார். "என்னத்தச் சொல்லி வச்ச?"

"அவ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"டீச்சர்..." என்று ராக்கு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்."

வேல்சாமி தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"இப்ப நான் என்ன செய்யணுங்கிறீங்க?"

"இவள இங்கயே விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து கூட்டிக்கங்க. நான் யாருக்கும் போன் போடல."

அவர் நம்பாமல் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"டீச்சர்!" என்று ராக்கு மறுபடி இழுத்தாள். சேதுலட்சுமி திரும்பாமலே அவள் வாயைப் பொத்தினாள்.

வேல்சாமி கைகூப்பினார். "புள்ள இங்கனயே இருக்கட்டும் டீச்சர். அதுவும் நல்லதுதான்." ஓட்டமாகப் போய் மொபெட்டைக் கிளப்பினார்.

புழுதி கிளம்பிக் கருவேலங்காட்டுக்குள் மறைந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று சேதுலட்சுமி நினைக்கவில்லை. ராக்குவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. உன்னைய இங்க வச்சிக்கிட்டா அங்க என்ன கல்யாணம் நடக்கும்?"

ராக்கு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி மூணு என் வருஷம் இல்ல டீச்சர். இராமலட்சுமி வருஷம்."

மொபெட் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"மாப்பிள்ளை... யாரு?"

"அவ தாய்மாமன்தான். எங்க அய்யா."