கடைசி வரிசையில் டீன்

கல்லூரி டீன் கெய்ன்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழுப்பு ஃபைலைப் பிரித்ததும் வில்மா பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள். போன வருஷம் இதே ஃபைலோடு ஜெர்மன் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் அந்த வகுப்புக்கு மூடுவிழா நடந்தது.

அந்தக் கல்லூரியில் டச்சு மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுக்க வில்மா போஸ்ட்மா ஒருத்திதான் மிச்சம். அமெரிக்காவின் மிச்சிகனில் டச்சுக்காரர்கள் குடியேறி உருவாக்கிய அந்த ஊருக்கு வாய்ப்பேச்சுதான் ஜாஸ்தி. மே மாதம் டூலிப் பூத் திருவிழா வந்தால் போதும், ஊரே மரச்செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடும். தாத்தன் பேசிய மொழியைப் படிக்க வா என்று கூப்பிட்டால், ஐந்தே பேர்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன மேடம், பின்னாடியே பாத்துட்டிருக்கீங்க?" முன்வரிசை கெல்சி கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. பின்னாடி எமன் உக்காந்திருக்கார்."

இந்த வகுப்பும் போனால் ஐம்பத்தெட்டு வயதில் தனக்கு யார் வேலை தருவார்கள்? அதைவிட, இந்த ஊரில் டச்சு மொழிக்கு ஒரு நாற்காலிகூட இருக்காது. வில்மா தன் பெரிய ஆயுதத்தை எடுத்தாள்.

"நியூயார்க்கையே எடுத்துக்குங்க. டச்சுக்காரங்க அதுக்கு வச்ச பேரு நியூ ஆம்ஸ்டர்டாம். அவங்க எழுதி வச்சதப் படிக்கத் தெரியலன்னா, நம்ம சரித்திரத்துல பாதி நமக்கே…"

கெய்ன்ஸ் கையைத் தூக்கினார். "அதெல்லாம் இருக்கட்டும் வில்மா. நானூறு வருஷத்துக் கதை எதுக்கு? இன்னைக்கு, மனுஷங்ககிட்ட பேசறதுக்கு இந்த வகுப்பு உதவுமா?"

"உ… உதவும்."

"'எங்க வலிக்குது?' இத எப்படிக் கேப்பீங்க?"

முப்பது வருஷமாகப் பாடம் நடத்தியவள் வாயைத் திறப்பதற்குள் கெல்சி முந்திக்கொண்டாள். "வார் டூட் ஹெட் பெய்ன்?"

கெய்ன்ஸ் அதை உதட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஃபைலில் குனிந்து என்னவோ எழுதினார்.

"'தண்ணி வேணுமா?' இதுக்கு?"

"சார் ஆம்ஸ்டர்டாம்ல ஆஸ்பத்திரி திறக்கப் போறார் போல" என்று ஒரு பையன் முணுமுணுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். டீன் சிரிக்கவில்லை. வில்மாவுக்கோ சிரிப்பு வரும் நிலைமையே இல்லை. எதற்கும் உதவாத வகுப்பு என்று பிள்ளைகள் வாயாலேயே நிரூபிக்கப் பார்க்கிறார், பாவி மனுஷன்!

வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறினார்கள். கெய்ன்ஸ் போகவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு அவளை நோக்கி வந்தார். வில்மா மேஜையிலிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"நேராவே சொல்லிடுங்க. எப்போ மூடறீங்க? பசங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

"ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா மூடிட்டுத்தான் போயிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ நான் இருக்கற வரைக்கும் ஒருத்தரையும் மூட விடமாட்டேன்." அவர் ஃபைலை மேஜையில் வைத்தார். "என்னையும் இந்த வகுப்புல சேத்துக்கணும். இன்னைக்கே நாலு வார்த்தை சொல்லிக்குடுத்தாலும் போதும்."

வில்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு டச்சு?"

கெய்ன்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ராட்டர்டாம்ல பொறந்த எங்கம்மாவுக்கு, பக்கவாதம் வந்ததுலேருந்து டச்சு மட்டுந்தான் வருது. இங்கிலீஷ் சுத்தமா மறந்துபோச்சு, வில்மா."