தள்ளிப் போட்ட பாய்

கைப்பையின் அடியில் ஒளித்துவைத்திருந்த பாட்டிலைக் கலைமகள் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது எத்தனையாவது?" என்றார் டாக்டர் மைதிலி.

"அஞ்சாவதுங்க. ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதுங்க."

அது விஷமன்று, பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவவென்று கடையில் மணக்க மணக்க விற்கும் திரவம். பனியன் கம்பெனியில் துணியின் கறை போகும்வரை மருந்து பீய்ச்சுவது கலைமகளின் வேலை. உடம்பையும் துணியாகவே எண்ணிவிட்டாள்.

அவளுடைய ஐந்து மாதக் கரு கலைந்து அன்றோடு ஒன்பது நாள்.

"உள்ளே அதுவே தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும், கண்ணு. நல்ல கிருமிகதான் அங்க காவல். ஆட்டுப்பட்டி நாயை நீயே தொரத்திட்டா, நரி வராம என்ன செய்யும்? கழுவக் கழுவத் தொற்று வந்து வாடையும் கூடியிருக்கும்."

"கூடுச்சுங்க. கூடக்கூட இன்னும் கழுவுனேனுங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கொழந்தை இதனாலதான் போச்சுங்களா?"

மைதிலி பாட்டிலை ஓரமாக நகர்த்தினார். "இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். தொற்றுக்கு மாத்திரை இருக்குது, சரியாயிரும். ஆனா, மொதல்ல வாடை அடிக்குதுன்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

கலைமகள் வாசலைப் பார்த்தாள். கணவன் முருகேஷ் அங்கே நின்றிருந்தான். தான் வேலை செய்யும் சாயப்பட்டறையிலேயே இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தவன், உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் கூச்சப்பட்டுக் கதவோரமே ஒட்டிக்கொண்டிருந்தான். நகக்கண்களில் சாயத்தின் கறுப்பு இன்னும் போகவில்லை.

"யாரும் சொல்லலீங்க. மூணாம் மாசம், நான் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கெடந்தப்ப, பாயைத் தூக்கிட்டு வெளிய போயிட்டாருங்க. அப்பறம் எம்பக்கத்துலயே வரலீங்க. சொன்னாத்தானுங்களா? எனக்கே புரிஞ்சுபோச்சுங்க."

முருகேஷ் மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தான். பிறகு தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தான். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எம்மேல அடிக்கிற சாய நாத்தந்தான் உனக்குக் கொமட்டுதுன்னு தள்ளிப் படுத்தேன், சாமி!"